வடக்குச் சரிவுகளை விட்டுவையுங்கள்: பரோலோ ஒயின் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், சங்க உறுப்பினர்களான திராட்சை விவசாயிகளுக்கும் வணக்கம்.

பரோலோ ஒயினின் உற்பத்தி விதிகள் வடக்கு நோக்கிய சரிவுகளை ஒதுக்கிவைக்கும் விலக்கைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். இத்தாலியின் பியெமோந்தே பகுதியில், வரையறுக்கப்பட்ட 11 ஊர்களின் எல்லைக்குள், கடல்மட்டத்திலிருந்து 170 முதல் 540 மீட்டர் வரை உயரமுள்ள குன்றுச் சரிவுகளில் விளைந்த நெபியோலோ திராட்சையை மட்டுமே கொண்டு செய்தால்தான் அது பரோலோ. பள்ளத்தாக்கின் அடிநிலம், சமதளம், ஈரம் தங்கும் நிலம் ஆகியவற்றோடு முழு வடக்கு நோக்கிய சரிவுகளையும் விதி ஒதுக்கிவைக்கிறது. இந்தக் கடைசி விலக்கை நீக்கலாமா என்ற பேச்சு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உங்களிடையே எழுந்து, கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. வெப்பம் கூடிவரும் நிலையில் அது மீண்டும் எழும் என்றே கருதுகிறேன். அப்போதும் விலக்கை அப்படியே காக்க வேண்டுகிறேன்.

நீக்கக் கோருவோரின் வாதத்தில் உண்மை இருக்கிறது. நெபியோலோ தாமதமாகப் பழுக்கும் ரகம். முற்காலத்தில் அக்டோபர் இறுதிவரை காத்திருந்தும் பழம் முற்றாத ஆண்டுகள் உண்டு. ஆகவேதான் பனி முதலில் உருகும் தெற்குச் சரிவுகளை, உங்கள் வட்டார வழக்கில் 'சொரி' எனப்படுபவற்றை, முன்னோர் இந்த ரகத்துக்கென்று தேர்ந்தார்கள். இன்றோ 2022 போன்ற வறண்ட ஆண்டுகளில் அதே சரிவுகளில் கொடி வாடுகிறது. பழத்தில் சர்க்கரை மிகுந்து ஒயினில் ஆல்கஹாலும் ஏறுகிறது. ஆகவே குளிர்ந்த வடக்குச் சரிவுகளையும் திறந்துவிடலாம் என்கிறார்கள்.

ஆயினும், வடக்குச் சரிவுகளில் இப்போது நிற்பவை எவை என்பதை எண்ணிப்பாருங்கள். காடுகளும் ஹேசல்நட் தோப்புகளும், குளிர்ந்த இடத்திலும் முன்னதாகவே பழுத்துவிடும் தொல்செத்தோ என்ற வேறொரு திராட்சை ரகத்தின் கொடிகளும் அங்கேதான் நிற்கின்றன. அந்த நிலத்துக்குப் பரோலோ என்ற பெயர் கிடைத்துவிட்டால் அதன் விலை உயர்ந்துவிடும். அதன்பின் தொல்செத்தோவைப் பிடுங்காமல் வைத்திருக்கும்படி எந்தக் குடும்பத்திடம் கேட்க முடியும்? மண்ணரிப்பைத் தடுக்கும் மரங்களையும், பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் புகலிடமான நிழலையும் இத்தனை காலம் காத்து வந்ததில் இந்த விலக்குக்குப் பெரும் பங்குண்டு. பரோலோ விளையும் லாங்கே குன்றுகளின் திராட்சை நிலக்காட்சிக்கு 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ அளித்த சிறப்பும், ஒரே பயிர் குன்று முழுவதையும் விழுங்கிவிட்டால் பொருளிழந்துபோகும்.

வடக்குச் சரிவில் நெபியோலோ எப்படி விளைகிறது என்று அறிய விரும்புவோருக்கு, தளர்ந்த விதிகளைக் கொண்ட 'லாங்கே நெபியோலோ' என்ற ஒயின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வு அந்தப் பெயரில் நடக்கட்டும். பரோலோ 18 மாதம் மரப்பீப்பாயிலும் மொத்தமாக 38 மாதமும் முதிர்ந்த பின்னரே விற்பனைக்கு வருகிறது. இளங்கொடி வேர்பிடித்துத் தரமான பழம் தரவும் பல ஆண்டுகள் செல்லும். எனவே இரண்டு மூன்று வெப்பமான அறுவடைகளை வைத்து இதைத் தீர்மானிக்க இயலாது. போதிய சான்று கிடைக்கும்வரை, இருக்கும் தோட்டங்களில் இலை மறைப்பைக் கூட்டுவதற்கும், கொடியை ஒட்டுக்கட்டுவதற்கான, வறட்சி தாங்கும் வேர்ப்பகுதிக் கொடிகளைச் சோதிப்பதற்கும், மண்ணின் ஈரத்தைக் காப்பதற்கும் சங்கத்தின் பணம் செலவாகட்டும்.

விதியை மாற்றும் முன்மொழிவு மீண்டும் வந்தால், எந்தெந்தச் சரிவுகளில் எத்தனை ஹெக்டேர் காடும் தோப்பும் மாறக்கூடும் என்ற வரைபடத்தை வாக்கெடுப்புக்கு முன்பே உறுப்பினர்களிடமும் அந்த 11 ஊர் மக்களிடமும் வெளிப்படையாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பரோலோவை நேசிக்கும் ஒரு தமிழர்