கூகுள் போமுக்கு முன்னால் பாமினியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை தொடங்கினால் ஆசிரியர்களுக்கான செயலமர்வுகளும் தொடங்கிவிடும். கூகுள் போம் என்ற இணையப் படிவத்தில் வினாவிடை, கஹூட் என்ற வினாவிடைத் தளத்தில் போட்டி, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பயிற்சித்தாள் என்று தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே காட்டப்படும் மாதிரிகளும் நன்றாகவே இயங்கும். ஆனால் வீட்டுக்குப் போய், கைவசம் உள்ள தவணைப் பரீட்சை வினாத்தாளைத் திறந்து, ஒரு கேள்வியைப் பிரதிசெய்து போமில் ஒட்டியதும் வந்து விழுவது ஆங்கில எழுத்துக் குவியல். 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. நாற்பது கேள்வியையும் திரும்பத் தட்ட யாருக்கு நேரம்? பலரின் முயற்சி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கருவியும் பிழையில்லை, ஆசிரியரும் பிழையில்லை. வினாத்தாள் பாமினி எழுத்துருவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பாமினியில் தட்டும்போது கணினிக்குள் சேர்வது ஆங்கில எழுத்து. அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவதுதான் அந்த எழுத்துருவின் வேலை. போமிலோ பிள்ளையின் போனிலோ பாமினி இல்லாததால் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. யுனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துகளுக்கும் அவற்றோடு சேரும் குறிகளுக்கும் அவற்றுக்கே உரிய இலக்கங்கள் உண்டு. எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழாகவே நிற்கும். 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 முதல் கணினியிலும் இருக்கிறது. இருந்தும் போட்டோகொப்பிக் கடையில் இருந்து பாடசாலை அலுவலகம் வரை பாமினி ஓய்ந்தபாடில்லை. காரணம் சோம்பல் அல்ல, விரல். இருபது வருடம் ஒரு விசைப்பலகையில் ஓடிய விரலை 'தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுங்கள்' என்று சொல்லி மாற்ற முடியாது.

மாற்றவும் தேவையில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய இரண்டும் இலவச மென்பொருள்கள். இரண்டிலும் பாமினி விசைப்பலகை அமைப்பு இருக்கிறது. அதைத் தெரிவுசெய்தால் விரல் பழைய விசைகளையே தட்டும், திரையில் விழுவது யுனிகோடாக இருக்கும். ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வேர்டின் எழுத்துருப் பெட்டியில் பழக்கத்தில் பாமினியைத் தெரிவுசெய்துவிடாமல் லதாவோ நிர்மலாவோ வைக்க வேண்டும். தட்டியது யுனிகோட்தானா என்று சந்தேகம் வந்தால் ஒரு வரியைப் பிரதிசெய்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் சரி.

ஏற்கெனவே தட்டிவைத்த வினாத்தாள்களுக்கு இணையத்தில் மாற்றிகள் உண்டு. பாமினிப் பந்தியை ஒட்டி அழுத்தினால் யுனிகோட் வரும். ஆனால் வந்ததை அப்படியே நம்பிப் பிள்ளைகளுக்கு அனுப்பக் கூடாது. தமிழ் எது, ஆங்கிலம் எது என்று மாற்றிக்குப் பிரித்தறியத் தெரியாது. எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். விஞ்ஞானத் தாளில் நீரின் சூத்திரம் 'ர்2ழு' ஆகும். காபனீரொட்சைட்டு 'ஊழு2' ஆகும். கணிதத் தாளில் எக்ஸ் கூட்டல் வை என்பது 'ஒ + ல' என்று வந்து நிற்கும். சிரிப்பாகத்தான் இருக்கும், பரீட்சைக்கு முதல்நாள் இரவு அல்லாவிட்டால். ஆகவே மாற்றுவதற்கு முன்பே வேர்டின் 'தேடி மாற்றுதல்' பெட்டியைத் திறந்து, தேடும் கட்டத்தில் எழுத்து எதுவும் தட்டாமல் எழுத்துருவாக டைம்ஸ் நியூ ரோமனையும், மாற்றும் கட்டத்தில் சிவப்பு நிறத்தையும் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். சூத்திரங்களும் ஆங்கிலச் சொற்களும் சிவப்பாகிவிடும். அந்தப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாற்றி வந்த தாளில் சிவப்பு இடங்களை மட்டும் கையால் திருத்தினால் போதும். அட்டவணைகளும் கீழ்க்குறிகளும் எப்படியும் குலையும், அவற்றைத் திரும்பத்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது 'வெளி'. பாமினியில் 'ள'வுக்கும் 'ஔ'காரத்தின் பின்பகுதிக்கும் ஒரே விசை. கொம்பு (ெ), 'வ', 'ள' என்று வரிசையாகக் கண்டதும் சில மாற்றிகள் அதை 'வௌ' என்று முடிவுகட்டிவிடும். 'வெளியீடு' 'வௌியீடு' ஆகும், 'தெளிவு' 'தௌிவு' ஆகும். (நம் செய்தித்தளங்களிலும் இந்த 'வௌி'யைத் தாராளமாகக் காணலாம். ஆசிரியர் கோபிக்கக் கூடாது.) கண்ணுக்குச் சிறு கோளாறுதான். ஆனால் 'வெளி' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாமல் போகலாம். மாற்றி முடிந்ததும் 'வௌி', 'தௌி' இரண்டையும் தேடி மாற்றிவிடுவது ஒரு நிமிட வேலை.

இன்னும் நடக்காத பரீட்சையின் தாளை முன்பின் தெரியாத இணையத்தளத்தில் ஒட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தாள் யுனிகோடுக்கு வந்தபின் போமின் அமைப்புகள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாட்டைப் போட்டால் பிள்ளை கூகுள் கணக்கால் உள்நுழைய வேண்டும். சம்பூரிலோ வெருகலிலோ தகப்பனின் ஒரே போனில் இரண்டு பிள்ளைகள் அதே தாளைச் செய்யும் வீட்டில், மூத்தவர் அனுப்பியதும் இளையவருக்குக் கதவு மூடப்படும். அதை நிறுத்திவிட்டு, முதற் கேள்வியாகச் சுட்டிலக்கத்தைக் கேட்பது நல்லது. விடைகளைக் கலக்கும் வசதியைப் போடுவதென்றால் 'மேற்கூறிய யாவும்' என்ற விடை இருக்கக் கூடாது, அது இரண்டாவதாக வந்து நின்று பிள்ளையைக் குழப்பும். குறுவிடைக்குத் தானாகப் புள்ளியிடுவதைத் தமிழில் நம்பவே வேண்டாம். 'கொ'வில் 'க'வோடு சேரும் 'ொ'வை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் அரவும் (ா) தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கருவிக்கு இரண்டாகத் தெரியலாம். அங்கே பல்தேர்வு வினாதான் கைகொடுக்கும். கஹூட்டில் ஒரு கேள்விக்கு 120 வரியுருக்கள்தான் இடம். விசிறிகளும் (ி) குற்றுகளும் (்) தனித்தனியே எண்ணப்படுவதால் மூன்றெழுத்துத் 'தமிழ்' அங்கே ஐந்து. நீளமான வரலாற்று வினாவை அதற்குள் திணிக்க முடியாது.

ஆசிரியர்கள் தங்களுக்குள் பகிரும் பாடக்குறிப்புகளுக்கும் இதே கதிதான். பாமினியில் தட்டிப் பீ.டி.எவ் ஆக்கிய குறிப்பை இணையத்தில் போட்டாலும் தமிழில் தேடுபவர் கண்ணில் அது படாது. குச்சவெளியில் ஓர் ஆசிரியர் தயாரித்ததை மூதூரில் இன்னொருவர் முதலிலிருந்து தயாரிக்கிறார்.

ஆகவே வலயக் கல்விப் பணிமனைகளிடம் இரண்டு வேண்டுகோள். பொது வினாத்தாள்களைப் பரீட்சை முடிந்தபின் பாடசாலைகளுக்குக் கொடுக்கும்போது பீ.டி.எவ் உடன் யுனிகோட் வேர்ட் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். செயலமர்வுகளில் போமையும் கஹூட்டையும் காட்டுவதற்கு முன் முதல் ஒரு மணித்தியாலத்தை இந்த மாற்றத்துக்கு ஒதுக்குங்கள். ஒவ்வோர் ஆசிரியரும் தன் பழைய வினாத்தாள் ஒன்றைப் பென்ட்ரைவில் கொண்டுவந்து, எழும்பிப் போகும்போது அதையே யுனிகோடில் கொண்டுபோகட்டும்.

தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்,
திருகோணமலை.