பேரனின் ஊசியும் வாட்ஸ்அப் வாய்ஸும்

ஹட்டன்

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்துவிட்டது. பேரன் கதிரையைப் பிடித்து எழும்பப் பார்க்கிறான் என்ற இடத்தை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே மழை விட்டபாடில்லை. கொழுந்து இருக்கிறது, பறிக்க ஆள் இல்லை என்று தோட்டத்தில் ஒரே புலம்பல். பத்தனை ஆசிரியர் கல்லூரியில் நம்மோடு படித்தவர்களில் எத்தனையோ பேர் பள்ளிக்கூட அதிபராகிவிட்டார்கள். நாம் இருவரும்தான் இன்னும் சோக்கட்டியோடு நிற்கிறோம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எம்.எம்.ஆர் (சின்னமுத்து என்கிற தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்டால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வாய்ஸைக் கேட்டுவிட்டு, பேரனின் ஒன்பதாம் மாத ஊசியைத் தள்ளிப்போடலாமா என்று உன் மருமகள் யோசிக்கிறாள் என்றாய். அந்த வாய்ஸ் இங்கேயும் வந்தது. பேசுகிற அம்மாவுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, எந்த வருஷம் பேசினாள் என்றும் தெரியாது. கடைசியில் "எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. இந்த ஆட்டிசக் கதை 1998இல் கிளம்பியது. வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து டாக்டரும் வேறு சிலரும் வெறும் 12 பிள்ளைகளை வைத்து லான்செட் என்ற மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2010இல் அந்தச் சஞ்சிகையே அதை வாபஸ் வாங்கியது. அதே வருஷம் வேக்ஃபீல்டின் டாக்டர் பதிவும் பறிபோனது. பிறகு டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து, ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று 2019இல் எழுதினார்கள். நம் நாட்டில் சின்னமுத்து ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததும் அதே 2019இல்தான். நாலு வருஷம்கூடப் பொறுக்கவில்லை, 2023இல் திரும்ப வந்து நின்றது. அதனால் தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் மருமகளிடம் சண்டை பிடிக்காதே. பயந்த பிள்ளையை அதட்டினால் அவள் வாய்ஸ் அனுப்பியவளைத்தான் நம்புவாள்.

அந்த வாய்ஸாவது கேட்டவுடனே சந்தேகம் வரும். எனக்கு அதைவிடப் பெரிய தொல்லையாகத் தெரிவது, நல்ல தகவலே ஆள் மாறி வந்து சேர்வது. போனில் தமிழில் தேடினால் முதலில் வந்து விழுவதெல்லாம் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னது. சொல்பவர் உண்மையான டாக்டராகவே இருப்பார், சொல்வதும் சரியாகவே இருக்கும். ஆனால் அவர் நம் கிளினிக்கைப் பற்றிப் பேசவில்லையே!

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவு டீச்சர் ஒருவர் அப்படி ஓர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, தன் பிள்ளைக்கு ஊசிகளைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று மிட்வைஃப்போடு கோபித்துக்கொண்டார். அங்கே ஐந்து நோய்களுக்கான ஊசி 6, 10, 14 கிழமைகளில்; இங்கே 2, 4, 6 மாதங்களில். அங்கே அரசாங்கம் 9 மாதத்தில் போடுவது கூகைக்கட்டு சேராத எம்.ஆர், அடுத்தது ஒன்றரை வயது அளவில், இங்கே எம்.எம்.ஆர் 9 மாதத்திலும் 3 வயதிலும். இங்கிலாந்தில் முதல் எம்.எம்.ஆரே ஒரு வயதில்தான். அந்தந்த நாட்டு நோய் நிலவரத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஊசியில் கோபத்தோடு போய்விடும். மருந்தில் அப்படி இல்லையடி. தமிழ்நாட்டில் கோத்தகிரியில் இருக்கும் என் சின்னம்மா மகள் வந்தபோது காய்ச்சல் சிரப் ஒன்று கொண்டுவந்தாள். போத்தலைத் திருப்பிப் பார்த்தேன்: 5 மில்லிலீட்டரில் பரசிட்டமோல் 250 மில்லிகிராம். நம் கடைகளில் வழக்கமாக வாங்குவது 5 மில்லிலீட்டருக்கு 120. அங்கே கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ஒன்றும் இருக்கிறது, ஒரே மில்லிலீட்டரில் 100. ஒரு வேளைக்கு, பிள்ளையின் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. எட்டுக் கிலோப் பிள்ளைக்கு நம் சிரப்பில் 5 மில்லிலீட்டர் சரிதான். அதே 5 மில்லிலீட்டரைச் சின்னம்மா மகள் போத்தலிலிருந்து ஊற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். வீடியோவில் "ஐந்து மில்லி" என்று மட்டும் சொன்னால், எந்தப் போத்தலில் என்று கேட்க வேண்டும்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? ஊசிக்கு நம் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு, சாப்பாட்டுக்கும் வளர்ச்சிக்கும் குடும்ப சுகாதாரப் பணியகம். இவற்றின் தளங்களை முதலில் பார்க்கச் சொல். சில அரச தளங்களில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பாதிதான் இருக்கும், அது பழைய கதை. மருமகளுக்குத்தான் இங்கிலீஷ் ஓடுமே. நோய் என்ன, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அறிய இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ் தளமும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸும் நல்லவை. மெட்லைன்பிளஸில் விளம்பரமே இல்லை. எழுதியவர் யார், கடைசியாக எப்போது பார்த்துத் திருத்தினார்கள், கீழே ஏதாவது விற்கிறார்களா என்று அவள் பார்க்கட்டும். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சத்துமா விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். "இயற்கைதானே" என்று ஒரு வயதாகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த வயதுக் குடல் தேனில் இருக்கக்கூடிய, உடம்பை முடக்கும் பொட்டுலிசம் நோயின் கிருமியைத் தாங்காது. இப்போது தேடினால் மேலேயே கணினி ஒரு பதிலைச் சுருக்கிக் கொடுக்கிறது. அதையும் எங்கிருந்து எடுத்தது என்று திறந்து பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இத்தனைக்கும் முன்னால் கிளினிக்கில் கொடுத்த அந்தப் பிள்ளைக் கொப்பியை ஒருநாள் ஆறுதலாக இருந்து வாசிக்கச் சொல். எடை பதிய மட்டும்தான் அதை வெளியே எடுக்கிறார்கள். ஊசி அட்டவணையும், எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதற்கு டேட்டா வேண்டாம், தோட்டத்து மேல் டிவிஷனில் சிக்னல் தேடி நிற்கவும் வேண்டாம்.

இன்னொன்று. சளி பிடித்துப் பிள்ளை இழுத்து மூச்சு விட்டால் போனை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணட்டும். அவன் வயதில் 50ஓ அதற்கு மேலோ போனால் உடனே ஆஸ்பத்திரிதான். நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தாலோ பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ணிக்கொண்டும் இருக்கக் கூடாது. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை.

எம்.எம்.ஆர் போட்டு ஒரு கிழமை, பத்து நாளில் லேசாகக் காய்ச்சல் அடித்து, தோலில் சிவப்பாகப் பொரியலாம். அது தெரிந்த விஷயம், தானாக வடியும். காய்ச்சல் கடுமையாக இருந்தால் மட்டும் காட்டுங்கள். அந்த நேரம் பார்த்து யாராவது இன்னொரு வாய்ஸ் அனுப்புவார்கள், எனக்கும் அனுப்பிவை, கேட்டுப் பார்ப்போம்.

ஏப்ரல் லீவுக்குப் பண்டாரவளைக்கு வருவதாக இருக்கிறோம். பேரனுக்கு எத்தனை கிலோ என்று எழுது, ஸ்வெட்டர் பின்ன வேண்டும்.

உன் பழைய அறைத்தோழி