ஒன்பது பேலட்டும் ஒரு இன்ச் டேப்பும்

அன்புள்ள முரளி,

மூணு மாசமா பதில் போடலைன்னு நீ திட்டறது இங்கே வரைக்கும் கேக்குது. தீபாவளி வாழ்த்துக்கும் பதில் இல்லை, பொங்கல் வாழ்த்துக்கும் இல்லை. ரெண்டுக்கும் சேர்த்து இப்பவே சொல்லிடறேன். உமாவும் பசங்களும் சௌக்கியமா இருப்பாங்க. இங்கேயும் எல்லாரும் நலம். மரியாதை முடிஞ்சுது, விஷயத்துக்கு வரேன்.

நேத்து நீ அனுப்பின போட்டோவையும், சாமானை லாரில கொண்டுவர உனக்கு வந்த அந்த கொட்டேஷனையும் பார்த்ததுலேர்ந்து மனசு சரியில்லைடா. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஆர்டீஷியால மூடப்போற ஹோட்டலோட சாமானை மொத்தமா வாங்கிட்டே, சிகாகோ பக்கத்து நேப்பர்வில்ல மெஸ் திறக்கப் போறே, சந்தோஷம். (ஹாஸ்டல்ல சிவா மெஸ் செக்ரட்டரியா இருந்த அந்த ஒரு வருஷத்துக்கு அப்புறமும் உனக்கு இந்த ஆசை வருதுன்னா உன் வயிறு வேற ஜாதி.) சாமான் விலை சல்லிசுதான், ஒத்துக்கறேன். ஆனா லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து சிகாகோ சுமார் 2,000 மைல். அந்த சல்லிசு அவ்வளவு தூரம் உயிரோட வந்து சேரணுமே.

உனக்கு வந்த மெயில்ல என்ன போட்டிருக்கான்? ஒன்பது பேலட் (சாமானை மேலே ஏத்திக் கட்டற மரப் பலகை), 5,400 பவுண்டு, கிளாஸ் 85. லிஃப்ட்கேட், அதான் வண்டி பின்னாடி சாமானை ஏத்தி இறக்கற தட்டு, அதைப் பத்திப் பேச்சே இல்லை. அளவு என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலை. பாதிப் பணத்தை இன்னிக்கே அக்கவுன்ட்டுக்கு அனுப்பச் சொல்றான். அனுப்பாதே. முதல்ல ஒரு இன்ச் டேப் எடு.

கிளாஸ்னு போட்டிருக்கான்னா அது எல்.டி.எல், அதாவது முழு லாரி பிடிக்காம கொஞ்சம் இடம் மட்டும் எடுக்கறது. எல்.டி.எல்ங்கறது ஷேர் ஆட்டோ. அடுத்தவன் இடத்தை நீ எவ்வளவு அடைக்கறியோ அதுக்குத்தான் காசு. எடையைக் கன அடியால வகுத்தா அடர்த்தி, அடர்த்தியை வச்சு கிளாஸ். 50லேர்ந்து 500 வரைக்கும் மொத்தம் 18 கிளாஸ். நம்பர் ஏற ஏற வாடகையும் ஏறும். 2025 ஜூலைல இந்த அட்டவணையையே திருத்தி, நிறைய சாமானை நேரா அடர்த்திக் கணக்குக்குக் கொண்டுவந்துட்டாங்க. பழைய கிளாஸை மனப்பாடமா வச்சிருக்கறவன் சொல்றதை அப்படியே நம்ப முடியாது.

உன் போட்டோவைப் பார்த்தே ஒரு கணக்குப் போட்டேன். ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ், பேலட்டோட சேர்த்து 56க்கு 36, உயரம் 90 இன்ச். மூணையும் பெருக்கி 1,728ஆல வகுத்தா 105 கன அடி. எடை 500 பவுண்டுன்னு வை. கன அடிக்கு அஞ்சு பவுண்டு கூடத் தேறலை. கிளாஸ் 175. கிரைண்டர் கல்லும் தோசைக்கல் பிளேட்டும் ஏத்தின பேலட் 48க்கு 40, உயரம் 36. 40 கன அடி, 1,000 பவுண்டு. கன அடிக்கு 25 பவுண்டு, கிளாஸ் 65. கல்லு இங்கே செல்லப்பிள்ளை, ஃப்ரிட்ஜ்தான் தண்டச்சோறு, ஏன்னா உள்ளே இருக்கற காத்துக்கும் நீதான் வாடகை கட்டறே. இது ரெண்டையும் சேர்த்து மொத்தத்துக்கும் 85ன்னு போட்டிருக்கானே, அது உன்னைச் சிக்க வைக்கப் போட்ட நம்பர். லாரி கம்பெனி டெர்மினல்ல லேசர்ல அளவு எடுப்பாங்க, ஃபோர்க்லிஃப்ட்லயே தராசு இருக்கும். ரெண்டு வாரம் கழிச்சு, கிளாஸை மாத்தினதுக்கும் மறுபடி எடை போட்டதுக்கும் ரீகிளாஸ், ரீவெய் சார்ஜோட திருத்தின பில் வரும். அதை எதிர்த்துப் பேச உன்கிட்ட அளவெடுத்த போட்டோ இருக்கணும். அதுக்குத்தான் டேப் டேப்புன்னு அடிச்சுக்கறேன். ஒவ்வொரு பேலட் பக்கத்துலயும் டேப்பை விரிச்சுப் பிடிச்சு ஒரு போட்டோ எடு.

அளக்கும்போது பேலட் கட்டையையும் சேர்த்து அள. எந்தப் பக்கம் எது அதிகமா நீட்டிக்கிட்டு இருக்கோ அதுதான் உன் அளவு. மேலே ஒரே ஒரு குண்டான் கோபுரக் கலசம் மாதிரி நின்னா, அந்தக் கலசத்து உயரத்துக்கு முழுப் பேலட்டுக்கும் காசு. பாத்திரப் பேலட் 48க்கு 40க்கு 60, 475 பவுண்டுன்னா அடர்த்தி 7.1, கிளாஸ் 125. அண்டாவுக்குள்ள குண்டான், குண்டானுக்குள்ள தேக்சான்னு அடக்கி உயரத்தை 48க்குக் கொண்டுவந்துடு. அதே எடை இப்போ 8.9, கிளாஸ் 100. அரை மணி நேர வேலைடா.

இவ்வளவும் சொல்லிட்டு இன்னொண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. உன் சாமானுக்கு எல்.டி.எல்லே வேண்டாம். பெரும்பாலான கம்பெனில ஆறு பேலட் தாண்டினாலோ, ட்ரெய்லர்ல 12 அடி நீளத்தைத் தாண்டினாலோ சாதா ரேட் செல்லாது, தனியா வால்யூம் ரேட் கேக்கணும். உன்னுது கிட்டத்தட்ட 20 அடி பிடிக்கும். அதை விட முக்கியம், எல்.டி.எல்ல சரக்கு ஒரே வண்டில போகாது. லாஸ் ஏஞ்சலஸ் டெர்மினல்ல இறக்கி, 28 அடி ட்ரெய்லர் ரெண்டைக் கோத்த வண்டில ஏத்தி, நடுவுல ஒரு ஹப்ல மறுபடி இறக்கி ஏத்தி, சிகாகோ டெர்மினல்ல இன்னொரு தடவை மாத்தி, கடைசியா உன் வாசலுக்கு வரும். ஒவ்வொரு கைமாத்தலுக்கும் ஒரு ஃபோர்க்லிஃப்ட், ஒவ்வொரு ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் ரெண்டு இரும்பு முள்ளு. கண்ணாடிக் கதவு வச்ச ஃப்ரிட்ஜை இப்படி அனுப்பறதும், அதை எதையும் கீழே போடற நம்ம மணி கையில கொடுத்து "பத்திரம்டா"ன்னு சொல்றதும் ஒண்ணுதான்.

நீ கேக்க வேண்டியது பார்ஷியல். ஒரே 53 அடி ட்ரெய்லர்ல மூணு நாலு பேரோட சரக்கு. ஏத்தினா சிகாகோலதான் இறங்கும். கிளாஸ் தலைவலி பொதுவா கிடையாது, அடிக்கும் எடைக்கும் ரேட். ஆனா இதுல ஒரு சங்கடம் இருக்கு, அதை உனக்கு எவனும் சொல்லமாட்டான். 53 அடி வண்டில லிஃப்ட்கேட் அனேகமா இருக்காது. ட்ரெய்லர் தரை நாலடி உயரத்துல இருக்கும். ஆர்டீஷியாக் கடையிலும் டாக் (ட்ரெய்லர் தரை உயரத்துக்குக் கட்டின மேடை) இல்லை, உன் நேப்பர்வில் கடையிலும் டாக் இல்லை. வண்டி வந்து நின்னா நீயும் டிரைவரும் ஃப்ரிட்ஜை அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அதனால ரெண்டு முனையிலும் டாக் இருக்கற ஒரு சின்ன கிடங்கைப் பிடி. கடைக்கும் கிடங்குக்கும் நடுவுல லிஃப்ட்கேட் வச்ச 26 அடி பாக்ஸ் டிரக். 5,400 பவுண்டு அதுல தாராளமா அடங்கும். 90 இன்ச் ஃப்ரிட்ஜ் அதோட கதவுக்குள்ள நுழையுமான்னு மட்டும் முன்னாடியே அளந்துக்கோ. இந்தச் செலவையும் கூட்டித்தான் ரேட்டை ஒப்பிடணும்.

நாள் கணக்கு. "ரெண்டே நாள்ல வந்துடும்"னு எவனாவது சொன்னா, ரெண்டு டிரைவர் மாறி மாறி ஓட்டற டீம் வண்டியான்னு கேளு. ஒத்தை டிரைவர்னா சட்டப்படி ஒரு ஷிஃப்ட்ல 11 மணி நேரம்தான் ஓட்டலாம், அதையும் டூட்டி ஆரம்பிச்ச 14 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். அப்புறம் 10 மணி நேரம் ஓய்வு. 8 மணி நேரம் ஓட்டினதும் அரை மணி இடைவேளை. எல்லாம் வண்டில இருக்கற மின்னணுப் பதிவுக் கருவில ஏறிடும், பழைய நோட்டுப் புத்தகத் தில்லுமுல்லு நடக்காது. ஒரு நாளைக்கு 500, 550 மைல்னு வச்சா நாலு நாள். பார்ஷியல்ல வழியில மத்தவங்க சரக்கும் இறங்கும், இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் சேர்த்துக்கோ. வழி பார்ஸ்டோ வரைக்கும் ஐ-15, அங்கேர்ந்து ஐ-40ல ஓக்லஹோமா சிட்டி, ஐ-44ல செயின்ட் லூயிஸ், அப்புறம் ஐ-55. பிப்ரவரில ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் பனி. அந்த ஊரே சுமார் 7,000 அடி உயரம். ஓக்லஹோமா, மிசௌரில ரோடு கண்ணாடி மாதிரி உறையும். திறப்பு விழாவை வண்டி வர்ற வாரத்துல வச்சுடாதே. மாமி நாள் குறிச்சுக் கொடுத்தாலும் சரி.

அந்த 14 மணி நேரம் நீ ஏத்தறதுக்குக் காத்திருக்கும்போதும் ஓடிக்கிட்டே இருக்கும். அதான் ரெண்டு மணி நேரத்துக்கு மேல டிடென்ஷன்னு மணிக் கணக்குல காசு கேப்பாங்க. வண்டி வரதுக்கு முதல் நாளே எல்லாம் கட்டி, சுத்தி, லேபிள் ஒட்டி, டாக்ல தயாரா இருக்கணும்.

கட்டற விதம். பெட்டியைச் செங்கல் மாதிரி மாத்தி மாத்தி அடுக்காதே. மூலைக்கு மூலை நேரா தூண் மாதிரி அடுக்கு. அட்டைப் பெட்டியோட பலம் அதோட நாலு மூலைலதான் இருக்கு. பேலட் விளிம்பைத் தாண்டி எதுவும் நீட்டக் கூடாது. ஸ்ட்ரெச் ஃபிலிமை சரக்கை மட்டும் சுத்தி விட்டுடாதே. கீழே பேலட் கட்டையையும் சேர்த்து நாலஞ்சு சுத்து சுத்தினாத்தான் ரெண்டும் ஒரே உடம்பா நிக்கும். ஃப்ரிட்ஜை நிக்க வச்சே அனுப்பு. படுக்க வச்சா கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள்ள ஏறிடும். தட்டெல்லாம் கழட்டு, கதவைக் கட்டு, முன்பக்கம் பிளைவுட் அடி. கிரைண்டர் கல்லைக் கழட்டித் தனியா மரப்பெட்டில போட்டு, பேலட் மேலே மத்த சாமானுக்கெல்லாம் கீழே வை. ஹோட்டல்காரர் சும்மா தராருன்னு கேஸ் சிலிண்டரையோ பிளீச் டப்பாவையோ உள்ளே சொருகிடாதே. அது ஹாஸ்மட், அதாவது ஆபத்தான சரக்கு, அதுக்குத் தனிப் பேப்பர், தனி விதி. சொல்லாம அனுப்பினா பெரிய அபராதத்துல போய் நிக்கும்.

இப்போ அந்த மெயில் அனுப்பினவனைப் பத்தி. அவன் புரோக்கர்னா, அதாவது உனக்கு வண்டி பிடிச்சுக் கொடுக்கற தரகன்னா, அரசாங்க லைசன்ஸ் இருக்கணும், 75,000 டாலருக்கு ஜாமீன் பாண்ட் இருக்கணும். லாரித் தொழிலைக் கண்காணிக்கற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.எம்.சி.எஸ்.ஏ தளத்துல அஞ்சு நிமிஷத்துல பார்த்துடலாம். மெயில்ல இருக்கற போனுக்குக் கூப்பிடாதே, அந்தத் தளத்துல இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டு "இவர் உங்க ஆளா?"ன்னு கேளு. நல்ல கம்பெனி பேர்ல போலி மெயில் வரது இப்போ சர்வ சாதாரணம். எந்த கேரியர் (வண்டி ஓட்டற கம்பெனி) வரப்போறான்னு எழுத்துல வாங்கிக்கோ. வண்டி வந்ததும் கதவுல இருக்கற பேரும், அரசாங்கப் பதிவு எண்ணான யு.எஸ்.டாட் நம்பரும் அதோட ஒத்துப்போகுதான்னு பாரு, போட்டோ எடு. ஒத்துப்போகலைன்னா ஏத்தாதே, டிரைவர் என்ன கதை சொன்னாலும் ஏத்தாதே. லோடை வாங்கினவன் அதை இன்னொருத்தனுக்குக் கைமாத்தி விட்டு, பணத்தோட மறைஞ்சிடுவான். நிஜமா ஓட்டினவன் உன்கிட்ட வந்து காசு கேப்பான். ரெண்டு தடவை கொடுத்தவங்க இருக்காங்க, சரக்கே வராதவங்களும் இருக்காங்க.

சேதாரம் ஆனா சட்டம் உன் பக்கம்தான், 1906லேர்ந்து கார்மாக்னு ஒரு சட்டத் திருத்தம் இருக்கு. ஆனா அது வண்டிக்காரன் மேலதான் பாயும், புரோக்கர் நழுவிடுவான். அதுலயும் கேரியர் தன் பொறுப்புக்கு உச்சவரம்பு வச்சுக்கலாம். பழைய சாமானுக்கு நிறைய எல்.டி.எல் கம்பெனி டாரிஃப்ல (அவங்க ரேட், விதிப் புத்தகத்துல) பவுண்டுக்கு 10 சென்ட்தான். உன் 500 பவுண்டு ஃப்ரிட்ஜ் தூள் தூளா வந்தா கிடைக்கறது 50 டாலர். இதைப் படிச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா உக்காரு. அப்புறம் பார்ஷியலாவே போனாலும் பழைய சாமானுக்குப் பொருந்தற தனி இன்ஷூரன்ஸ் கேளு, 'யூஸ்ட்'ங்கற வார்த்தை பாலிசில எங்கே வருதுன்னு தேடிப் படி.

இறக்கும்போது டிரைவர் அவசரப்படுத்துவான், அவன் கடிகாரம் அவனுக்கு. நீ நிதானமா எண்ணு. ஒன்பது பேலட் வந்துதா, ஃபிலிம் கிழிஞ்சிருக்கா, முள்ளு குத்தின ஓட்டை இருக்கா. சந்தேகமா இருந்தா அங்கேயே பிரி. டெலிவரி ரசீதுல "பரிசோதனைக்கு உட்பட்டது"ன்னு பொத்தாம்பொதுவா எழுதினா பிரயோஜனம் இல்லை. "3-ஆவது பேலட், ஃப்ரிட்ஜ் இடது கதவுக் கண்ணாடி உடைஞ்சிருக்கு, ஒரு கால் வளைஞ்சிருக்கு"ன்னு இங்கிலீஷ்ல விலாவாரியா எழுதி, டிரைவர் கையெழுத்தையும் வாங்கு. அதை எழுதாம நீ போடற ஒரு கையெழுத்து எல்லாத்தையும் முடிச்சுடும். உள்காயம் பின்னாடி தெரிஞ்சா எல்.டி.எல் விதிப்படி 5 வேலை நாளுக்குள்ள சொல்லணும்; மத்ததுக்கும் அதையே கெடுவா வச்சுக்கோ. அட்டையையும் கட்டையையும் தூக்கிப் போட்டுடாதே, இன்ஸ்பெக்டர் வந்து பாக்கற வரைக்கும் இருக்கட்டும். கிளெய்ம் போட 9 மாசம் இருக்குன்னு நீ 9-ஆவது மாசம் வரைக்கும் இழுக்கற ஆளுன்னு எனக்குத் தெரியும். அதே வாரம் போடு.

ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒன்பது பேலட்டுக்கும் நீளம், அகலம், உயரம், எடை நாலையும் எழுதி அனுப்பு. உத்தேசமா வேண்டாம். அந்த மண் தந்தூரி அடுப்பு எப்படிக் கட்டினாலும் விரிசல் விடாம வராது, அதை அங்கேயே யாருக்காவது தள்ளிடு. மெஸ்ல தந்தூரி எதுக்குடா உனக்கு?

அன்புடன்,
ரகு