பேர்ப்பட்டியல் கேட்டு வாற ஐயாமாருக்கு ஒரு திறந்த மடல்

ஐயாமாருக்கு வணக்கம்.

பேர் சொல்லி எழுத எனக்கு வழியில்லை, ஏனெண்டா நீங்கள் வந்த ஒரு நாளும் உங்கட பேரையோ எந்த இடத்தில இருந்து வாறீங்கள் எண்டதையோ சொன்னதில்லை. சாதாரண உடுப்பில மோட்டச்சைக்கிள்ல வருவீங்கள், கதிரையில இருந்து தேத்தண்ணி குடிப்பீங்கள், எங்கட பெண்கள் சங்கம் எப்ப துவங்கினது, ஆர் காசு தாறது, பாங்கில எவ்வளவு கிடக்கு எண்டு கேப்பீங்கள். எத்தினையோ தரம் சொல்லியாச்சு. பதிவு இருக்கு, வருசா வருசம் கணக்கு குடுக்கிறம், கிராம சேவகருக்கு எங்கள் எல்லாரையும் தெரியும். அதெல்லாம் உங்களுக்கும் தெரியும், திரும்ப எழுதேல்ல.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் எழுதுறன். அண்டைக்கு தையல் பழக்கிற நாள், 14 பேர் வந்தவை. நீங்கள் வரவுக் கொப்பியைக் கேட்டு வாங்கி, துணி வெட்டுற மேசையில விரிச்சு வச்சு ஒவ்வொரு பக்கமா போன்ல படம் எடுத்தீங்கள். ஏன் எண்டு நான் கேக்க, மேல கேக்கினம் எண்டு மட்டும் சொன்னீங்கள். மெஷின் சத்தம் எல்லாம் அப்பிடியே நிண்டு போச்சு. அந்தக் கொப்பியில வீட்டு விலாசம், போன் நம்பர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் இருக்கு. மூண்டாம் நாள் எங்கட அம்மா ஒராளின்ர படலையில போய் நிண்டிருக்கிறீங்கள்.

அவாவுக்கு 64 வயசு. 2009 மே மாசம் யுத்தம் முடியேக்க முல்லைத்தீவு வட்டுவாகல்ல, புலிகள் இயக்கத்தில இருந்தாக்கள் தனிய வாங்கோ விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு சொன்னதை நம்பி, மகனைத் தன்ர கையாலயே கூட்டிக்கொண்டு போய் ஆமியிட்ட குடுத்தவா. பஸ்ஸில ஏத்தினதையும் நிண்டு பார்த்தவா. அதுக்குப் பிறகு நல்லிணக்க ஆணைக்குழுவுக்குப் போனா, காணாமல் போனாக்களை விசாரிச்ச பரணகம ஆணைக்குழுவுக்குப் போனா, 2018ல காணாமல் போனோர் அலுவலகம் வந்தோடன அங்கயும் போனா, ஒவ்வொரு இடத்திலயும் அதே படத்தின்ர கொப்பி, அதே கதை. நீங்கள் கொண்டு போன படிவத்தில இருந்த கேள்வி என்ன தெரியுமோ? பிள்ளைகள் எத்தினை பேர், ஒவ்வொருத்தரும் இப்ப எங்க இருக்கினம். மூத்தவள் கலியாணம் கட்டி புதுக்குடியிருப்பில எண்டு அவா சொல்ல, மற்றவர் எங்க எண்டு பேனையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டிருக்கிறீங்கள்.

ஐயா, அந்தக் கேள்வியை அவா எல்லோ 2009ல இருந்து உங்களிட்ட கேக்கிறா. 2020 ஜனவரியில, காணாமல் போனாக்கள் செத்திட்டினம் எண்டு ஜனாதிபதியா இருந்த கோட்டாபய ஐநா அதிகாரியிட்டயே சொன்னவர். செத்திட்டான் எண்டு சொன்ன அரசாங்கத்தின்ர ஆள் வந்து அவன் எங்க இருக்கிறான் எண்டு பெத்தவளிட்ட கேட்டா, அவா என்னத்தைச் சொல்லுறது? படிவம் முழுக்க சிங்களத்தில வேற. தமிழும் அரசகரும மொழி எண்டு 1987ல 13ஆம் திருத்தத்திலயே எழுதிக் கிடக்கு, ஆனா என்ன எழுதியிருக்கு எண்டே தெரியாமல்தான் அவா கையெழுத்து வச்சிருக்கிறா. அண்டு ராத்திரி முழுக்க நித்திரை இல்லையாம், எனக்கு மகள்தான் போன் எடுத்துச் சொன்னவள்.

இந்தக் கிழமை அவா வரேல்ல. பேரப்பிள்ளைக்கு தைச்ச பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை கொலர் வைக்காமல் அப்பிடியே மெஷினில கிடக்கு. 14 பேரில 8 பேர்தான் வந்தவை, அதிலயும் ரெண்டு பேர் அக்கா வாறம் ஆனா பேர் மட்டும் எழுதவேண்டாம் எண்டு கேட்டவை. எழுதாட்டி சாப்பாட்டுக் காசு கணக்கில ஒத்துவராது, ஒத்துவராட்டி ஏன் எண்டு கேக்க நீங்களே வருவீங்கள். எழுதினா அந்தப் பிள்ளையளின்ர வீட்ட போவீங்கள். நான் எதைச் செய்ய? அதாலதான் கேக்கிறன், தயவுசெய்து பேர்ப்பட்டியல் எடுக்கிறதை விடுங்கோ.

இது இண்டைக்குத் துவங்கினது இல்லை எண்டு எனக்கும் விளங்குது. 2010ல அரச சார்பற்ற நிறுவனங்களைப் பார்க்கிற செயலகத்தைக் கொண்டு போய் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ வச்சாங்கள், தையல் பழக்கிறதுக்கும் ஆட்டுக்குட்டி குடுக்கிறதுக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் என்ன தொடர்பு எண்டு அப்பவே கேட்டிருக்கவேணும், பயத்தில கேக்கேல்ல. 2014 ஜூலையில ஊடக மாநாடு வைக்கக்கூடாது, அறிக்கை விடக்கூடாது, பத்திரிகைக்காரருக்கு பயிற்சி குடுக்கக்கூடாது எண்டு அங்க இருந்து சுற்றறிக்கை வந்தது. நடுவில கொஞ்சக் காலம் மூச்சு விட்டம், கோட்டாபய வந்தோடன அந்தச் செயலகம் திரும்ப அதே அமைச்சுக்குக் கீழ போச்சு. 2024 மே மாசம் திருகோணமலை சம்பூரில, கடைசி யுத்தத்தில சனம் குடிச்ச கஞ்சியை நினைச்சு முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்த பெண்களை ராத்திரியில பிடிச்சுக்கொண்டு போனது நேற்று நடந்த மாதிரி இருக்கு. உப்புக் கஞ்சி ஐயா அது, அரிசியும் தண்ணியும். ஜனாதிபதிமார் மாறுகினம், எங்கட வாசலுக்கு வாற மோட்டச்சைக்கிள் மட்டும் மாறுறேல்ல. 1979ல கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தை எடுக்கிறம் எடுக்கிறம் எண்டு எத்தினை தேர்தலில கேட்டிட்டம்...

சரி, அதெல்லாம் உங்களால செய்யக்கூடியது இல்லை, கோபத்தில எழுதிப்போட்டன். உங்களால செய்யக்கூடியதைத்தான் கேக்கிறன். எங்களிட்ட ஏதாவது கேக்கவேணுமெண்டா தமிழில ஒரு கடிதம் அனுப்புங்கோ, எந்த அலுவலகம், எந்தச் சட்டத்தில கேக்கிறீங்கள் எண்டதைப் போட்டு, கீழ பேரும் பதவியும் எழுதி. எத்தினை பேர் பழகினம், எவ்வளவு செலவு எண்டு ஒரு சதம் பிசகாமல் பதில் போடுவம். பேர்ப்பட்டியல் மட்டும் கேக்காதீங்கோ. எடுத்த படங்களை உங்கட போனில இருந்தும், மேல அனுப்பியிருந்தா அங்க இருந்தும் அழியுங்கோ. அந்த அம்மா கையெழுத்து வச்ச படிவத்தின்ர ஒரு பிரதியை அவாவிட்ட குடுங்கோ, தமிழ் மொழிபெயர்ப்போட.

நேரில வரத்தான் வேணுமெண்டா சங்கத்துக்கு வாங்கோ, பகல்ல, பேரைச் சொல்லிக்கொண்டு. நான் இருப்பன். அவான்ர படலைக்குப் போகாதீங்கோ, தயவுசெய்து கேக்கிறன்.

இப்படிக்கு,
கிராமத்துப் பெண்கள் சங்கம் ஒண்டின்ர செயலாளர்,
முல்லைத்தீவு மாவட்டம்