ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் குருளைகள்

அன்புத் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்திருப்பது பெரிய நிம்மதி. இங்கே ஒட்டுசுட்டானில் வெயில் கொளுத்துகிறது, மற்றபடி எல்லாரும் சுகம்.

உங்கள் குருளைச் சாரணர்கள், சாரணரில் அந்தச் சின்னப் பிள்ளைகள் பிரிவு, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாய். எங்கள் பக்கமும் அதே கதைதான். பத்தரை, பதினொரு வயதில் மேலே, பெரிய பிள்ளைகளின் சாரணர் குழுவான துருப்புக்குப் போக வேண்டிய பிள்ளைக்குச் சரியாக அந்த நேரம் பார்த்துப் புலமைப்பரிசில் பரீட்சை வந்துவிடும், கழுத்துப்பட்டி அலுமாரிக்குள் போய்விடும், பரீட்சை முடிந்து ஆறாம் வகுப்புக்கு வேறு பாடசாலைக்குப் போனால் அங்கே துருப்பு இருந்தாலும் அவனுக்கு ஒருத்தரையும் தெரியாது. ஆசை விட்டுப்போய் நிற்கிற பிள்ளை குறைவு, நடுவில் கைபிடிக்க ஆளில்லாமல் நிற்பவர்கள்தான் கூட. ஆசைக்கு என்ன குறை! 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணரின் முதல் பாசறை நடந்து சில வருடங்களிலேயே தம்பிமார் எங்களையும் சேருங்கள் என்று வந்து நின்றதால்தானே 1916இல் குருளையர் பிரிவே வந்தது.

அதனால் இப்போது நாங்கள் பரீட்சைக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறோம். பெரிய பாடசாலைச் சாரண ஆசிரியரிடம் கேட்டு, அவர்கள் கூடாரம் அடிக்கிற நாளாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். தனியாக ஒருவனை அனுப்பவே மாட்டேன், இரண்டு மூன்று பேராகத்தான். போன முறை வந்தவர்களில் ஒருவன் எங்களிடம் அறுவர் தலைவன், ஆறு பேர் கொண்ட சின்னக் குழுவுக்குத் தலைவன், சின்னதுகள் எல்லாம் அவன் சொல்லுக்குத்தான் ஆடும். அங்கே போனதும் தன்னைவிட உயரமான தடியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றான், முகமே செத்துப்போனது. அதைக் கண்ட எட்டாம் வகுப்பு அணித்தலைவன் ஒன்றும் பேசாமல் முளையையும் சுத்தியலையும் அவன் கையில் கொடுத்து, "இதைச் சரிச்சு அடி, நான் கயிறைப் பிடிக்கிறன்" என்றான். அவ்வளவுதான், பொழுதுபடும் வரை பெடியன் அவனை விட்டு அசையவில்லை. ஆசிரியர்கள் நாங்கள் எவ்வளவு சொன்னாலும் அப்படி ஒரு அண்ணன் கிடைப்பதற்கு ஈடாகாது, அதனால் அந்த அணித்தலைவனை மாதம் ஒருமுறை எங்கள் கூட்டத்துக்கும் வரச்சொல்லியிருக்கிறேன்.

பெற்றோரை மட்டும் விட்டுவிடாதே. பாசறை என்றதும் வன்னியில் ஒரு தாய்க்கு முதலில் வருவது யானைப் பயம், அடுத்தது அந்தக் காணியில் கண்ணிவெடி எடுத்தாயிற்றா என்ற கேள்வி. அது நியாயமான கேள்வி. நான் வீட்டுக்கே போய், எந்த இடம், யார் பொறுப்பு, இரவு எங்கே படுப்பார்கள் என்று எல்லாம் சொல்வேன், முடிந்தால் இடத்தையும் கூட்டிப்போய்க் காட்டுவேன்.

அப்புறம், வயது வந்துவிட்டது என்று யாரையும் தள்ளிவிடாதே. கூச்சமுள்ள பிள்ளைக்கு இன்னும் ஒரு தவணை கொடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. மேலே போன பிறகும் முதல் இரண்டு மூன்று கூட்டத்துக்கு நீயும் போய் ஒரு பக்கமாக இரு.

அடுத்த விடுமுறையில் உன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாவேன், மாங்குளம் சந்தியில் இறங்கினால் நான் வந்து கூட்டிப்போகிறேன். எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே எழுது, சமையலுக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி