பள்ளி விடுமுறைப் பயணம்: பொழுது விடியும் முன்னே கிளம்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கெங்கே போகலாம் என்ற பட்டியல் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. பினாங்கின் கொடிமலை, தெலுக் பஹாங் தேசியப் பூங்கா, கெடாவின் ஜெராய் மலை, கேமரன் மலை என்று எல்லாம் இருக்கும். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் படும் தொல்லையில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. ஆற அமரப் பசியாறிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினால் உச்சி வெயிலில் ஏற்றம், மாலை மழையில் இறக்கம், களைத்த கண்ணோடு இருட்டில் கார் ஓட்டம் என்று எல்லாம் சேர்ந்தே வரும்.

கொடிமலையையே எடுத்துக்கொள்வோம். தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து மேலே போகும் ஜீப் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தார் போட்ட சாலைதானே என்று பலரும் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் சில இடங்கள் நல்ல செங்குத்து. பழக்கமில்லாத பிள்ளைகளோடு ஏற 3 மணி நேரம் ஒதுக்க வேண்டும். காலை 7 மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் வெயில் ஏறும் முன் மேலே போய்விடலாம். ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். வியர்வை நின்று, தலை சுற்றி, பேச்சு குழறினால் அது வெறும் களைப்பு அல்ல. நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே அவசர எண் 999-ஐ அழைக்க வேண்டும். நடந்தே இறங்குவதாக இருந்தால் சப்பாத்துக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்திருந்தால் பாதம் முன்னே சரிந்து, விரல் நுனி இடித்து நகம் கறுத்துப்போகும்.

தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் போகும் பாதை வேறு மாதிரி: மண், மரவேர், மழை பெய்தால் சேறு. அங்கே விலை உயர்ந்த சப்பாத்தைவிட, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதாவது கடைகளில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேட்டு வாங்குவது, நன்றாக உழைக்கும். அடியில் இருக்கும் ரப்பர் முளைகள் சேற்றைப் பிடிக்கும், நனைந்தாலும் கனக்காது. மெத்தை கிடையாது என்பதால் நீளமான தடித்த காலுறை அவசியம். தார்ச்சாலைக்கு இது ஆகாது, குதிகால் வலிக்கும். மே, ஜூன் மாதங்களில் இங்கே சூரியன் மறைய மாலை 7.30 ஆகும். ஆனால் மரக்கூட்டத்துக்குள் அரை மணி நேரம் முன்பே இருட்டிவிடும். ஆளுக்கொரு டார்ச் வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால் உதவிக்கு அழைக்கும் நேரத்தில் அதில் சார்ஜ் இருக்காது.

நான் மிகவும் அஞ்சுவது நீர்வீழ்ச்சியைப் பற்றித்தான். நம் குடும்பங்கள் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், 2 மணிக்குத் தண்ணீரில் இறங்குகின்றன. மலை உச்சியில் மழை கொட்டத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கீழே வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். மேலே பெய்த மழை ஒரே அடியாக இறங்கி வரும். இதைத்தான் கெப்பாலா ஆயர் என்கிறோம். 2021 ஆகஸ்டு 18 அன்று ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

அது வருமுன் ஆறு சில அறிகுறிகளைக் காட்டும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கிப் பழுப்பாகும். இலை, சுள்ளி, நுரை மிதந்து வரும். சற்று முன்பு தலைகாட்டிய கல் மூழ்கிப்போகும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பாய், சாப்பாட்டுச் சட்டி, செருப்பு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது, வெள்ளம் நம்மைவிட வேகமாக வரும். ஆற்றின் நடுப்பாறையில் பாய் விரிக்கவே கூடாது, சுற்றிலும் நீர் ஏறினால் திரும்ப வழியிருக்காது. பெரியவர் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கட்டும். காலை 8 மணிக்கு இறங்கி நண்பகலுக்குள் கரையேறிவிடுவது நல்லது. காலில் வெட்டுக்காயம் உள்ளவர் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் தொடக்கத்தில் டிங்கி போலவே தெரியும்.

காரைப் பொறுத்தவரை, டயர் காற்றைக் கிளம்புமுன், டயர் சூடேறாத நிலையில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் அதிக அளவு காட்டி ஏமாற்றும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில், ஆள் நிறைந்த வண்டிக்கு என்று தனி அளவு இருந்தால் அதுதான் நமக்கு. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கேமரன் மலைக்குத் தாப்பா பாதையில் வளைவுகள் ஏராளம். வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் சிம்பாங் பூலாய் வழி தேவலை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கீழ் கியருக்கு மாற்றுங்கள். கருகிய வாடை வந்தால் ஒதுக்கி நிறுத்தி ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

விடியலில் கிளம்ப முந்தைய இரவே சமையல் முடிந்திருக்க வேண்டும். புளிச்சோறு கட்டுவதே நல்லது. தட்டில் பரப்பி நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் அடையுங்கள், சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்துப் புளித்துப்போகும். தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் மதியம் வரை தாங்காது.

ஒரு வாரம் வீட்டைப் பூட்டுவோர், தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போக வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். பூச்சட்டித் தட்டும் வாளியும் எல்லாருக்கும் நினைவிருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டைத்தான் மறந்துவிடுவார்கள். கொட்ட முடியாத தொட்டி என்றால், கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மணல் 10 லிட்டருக்கு 1 கிராம் போதும்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த விடுமுறைப் பக்கத்தில் நீர்வீழ்ச்சிப் படங்களுக்குப் பக்கத்திலேயே கெப்பாலா ஆயர் அறிகுறிகளையும் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். கத்தரித்துக் காரில் வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு