அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு: அந்தப் போன்களை நாம் போடலாமே

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்க நீங்கள் எத்தனை பேரைக் கூப்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும், கூடவே ஓடியிருக்கிறேன். அந்த உழைப்பை நம்பித்தான் இன்னொரு வேலை கேட்கிறேன்: மனநல சிகிச்சைக்கு இடம் தேடும் நம்மவர்களுக்காக, கிளினிக்குகளுக்கு நாமே போன் போட்டு விசாரிக்கும் வேலை.

போன வருடம், எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஓர் அக்காவின் கணவருக்கு வேலை போயிற்று. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் தாண்டியிருந்ததால் குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு குடும்பத்துக்குக் கிடைத்தது. அக்காவுக்குத் தூக்கம் போய், சாப்பாடு போய், சமையலறைத் தரையில் உட்கார்ந்தபடியே விடியும். அந்தக் காப்பீட்டு பிளானை நடத்தும் இன்சூரன்ஸ் நிறுவனம் தந்த மனநல டாக்டர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு இருவருமாக 14 இடங்களைக் கூப்பிட்டோம். மூன்று எண்கள் வேலையே செய்யவில்லை. ஓர் இடத்தில், அந்த டாக்டர் விலகி இரண்டு வருடம் ஆகிறதாம். பல இடங்களில் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. "மெடிக்கெய்டு எடுப்போம், ஆனால் உங்கள் கார்டில் இருக்கிற பிளானை எடுப்பதில்லை" என்றார்கள் சிலர். ஒவ்வொரு தடவையும் அக்கா பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டு, "விடும்மா, எனக்கு ஒண்ணுமில்லை" என்பார். மனம் உடைந்து கிடப்பவர் தலையில் இந்த வேலையைக் கட்டுவது கொடுமை.

அவருக்கு மட்டும் வாய்த்த கெட்ட நேரம் என்றும் சொல்ல முடியாது. 2023-ல் அமெரிக்க செனட் நிதிக்குழு ஊழியர்கள், மெடிகேர் அட்வான்டேஜ் (பெரும்பாலும் முதியவர்களுக்கான காப்பீடு) பட்டியல்களில் இருந்த 120 மனநல சிகிச்சையாளர்களின் எண்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை உதவவில்லை.

கடைசியில் அக்காவைச் சேர்த்துக்கொண்டது ஒரு 'சர்ட்டிஃபைடு கம்யூனிட்டி பிஹேவியரல் ஹெல்த் கிளினிக்', அதாவது சான்று பெற்ற சமூக மனநல கிளினிக். இந்தப் பெயரை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்ட வசதியில்லை என்று யாரையும் இங்கே திருப்பி அனுப்பக் கூடாது. அவசரமில்லாதவர்களுக்குக்கூட 10 வேலை நாட்களுக்குள் முதல் மதிப்பீடு நடக்க வேண்டும் என்பது விதி.

அங்கேயும் ஒரு வலி. முதல் நாள் மொழிபெயர்த்தது அக்காவின் பன்னிரண்டு வயது மகள். "சாகணும்போல இருக்கு" என்று அம்மா சொன்னதை அந்தப் பிள்ளை தன் வாயால் இங்கிலீஷில் சொன்னாள். மத்திய அரசின் பணம் வாங்கும் கிளினிக்குகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நாளை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே கேட்கிறேன்: ஒவ்வொரு சங்கத்திலும் மூன்று பேர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உங்கள் வட்டாரக் கிளினிக்குகளைக் கூப்பிடுங்கள். மெடிக்கெய்டில் எந்தெந்த பிளானை எடுக்கிறார்கள், புதியவர்களைச் சேர்க்கிறார்களா, முதல் சந்திப்பு எந்தத் தேதியில், தமிழுக்கு ஆள் தருவார்களா என்று கேளுங்கள். காதால் கேட்டதை மட்டும், கேட்ட தேதியோடு எழுதுங்கள். பட்டியலின் தலையில் 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண் இருக்கட்டும். உயிர் ஊசலாடும் நேரத்தில் இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பார்கள்.

பட்டியலை உங்கள் தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி போடுங்கள். நம்மவர்கள் உங்களிடம் நேரில் வந்து கேட்க மாட்டார்கள். சங்கத்தில் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்று பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் தப்பும் இல்லை. யாரென்று கேட்காமல் கிடைக்கிற உதவிதான் அவர்களுக்கு வேண்டும்.

என் நோட்டில் அந்த 14 எண்களும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களும் இருக்கின்றன. முதல் மூன்று பேரில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர் ஒருவர்